அறுபதுக்குப் பின் செவிலியர்



மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் நம் புதுவை நகரின் அரசு மருத்துவமனை எதற்கேனும் செல்ல நேர்ந்தால், நோயாளிகளின் வரிசைக்குச் சற்று அப்பால், ஏதோ ஓர் அறையில் சிறு விழா ஒன்று நடைபெறுவதைக் காணலாம். மாலை, சந்தனம், ஒரு நினைவுப் பரிசு, நாலைந்து பேச்சுகள், பிறகு தேநீர். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்த செவிலியர் ஒருவர் அன்று விடைபெறுகிறார். பிறந்த மாதத்தின் இறுதி நாளே அரசுப் பணியின் இறுதி நாள் என்பது விதி. முதல் நாள் இரவுவரை நாற்பது உயிர்களின் பொறுப்பு அவர் கையில் இருந்திருக்கும். மறுநாள் காலையில் அவருடைய வெள்ளுடை மடித்துப் பெட்டியில் வைக்கப்படும்.

பேச வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாழ்த்தைத்தான் கூறுகின்றனர்: இனியேனும் நிம்மதியாக ஓய்வெடுங்கள் என்பது. நல்ல வாழ்த்துதான். ஆயினும் அவ்வாழ்த்தைப் பெறுகிறவர் ஓய்வை விரும்புகிறாரா, இன்னும் சில ஆண்டுகள் உழைக்க அவருக்கு மனம் உண்டா, உண்டெனின் எத்தகைய உழைப்பை அவர் விரும்புகிறார் என்று அந்த அறையில் எவரும் வினவுவதில்லை. வினவாமலே ஓய்வு கொடுக்கிறோம். நாட்டுக்கு நெருக்கடி வரும்போது, அதேபோல் வினவாமலே திரும்ப அழைக்கிறோம். இவ்விரண்டிலும் உள்ள குறை ஒன்றே என்பதை இம்மாதம் உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம். மாதாகோயில் கெபியருகே ஞாயிறுதோறும் நாம் சந்திக்கும் தாய்மாருள் இத்தகைய செவிலியர் பலர் உள்ளனர். ஆகவே இது நம் குடும்பங்களின் செய்தியே.

செவிலி என்னும் சொல்

பண்டைத் தமிழ் அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை ஈன்ற தாய் அல்லள், வளர்த்த தாய். தோழியைப் பெற்றவளும் அவளே. மகள் எப்போது வாடுகிறாள், ஏன் வாடுகிறாள் என்பதை நற்றாய்க்கு முன்பே அறிந்துகொள்பவள் அவள். வயதும் பட்டறிவும் அவளுக்கு அழகு. பிணியாளரைப் பேணும் பெண்களுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேவைப்பட்டபோது, தாதி என்பதை விடுத்துச் செவிலியர் என்பதைத் தேர்ந்தவர்கள் நன்றாகவே தேர்ந்தனர்.

நம் மக்களோ நர்சம்மா என்பர். வார்டுக்குள் நுழைந்தால் சிஸ்டர் என்பர். மணமாகிப் பேரப்பிள்ளை கண்ட செவிலியரையும் சிஸ்டர் என்றே அழைக்கும் இவ்வழக்கம், மருத்துவமனைகளில் கன்னியர் ஆற்றிய தொண்டின் எச்சம். குளூனி நகர் புனித சூசையப்பர் சபைக் கன்னியர் புதுவைக்கு வந்தது 1827ஆம் ஆண்டில். அச்சபையை நிறுவிய அன்னை ஆன் மரி ஜவுகே 1851இல் இறக்கும்போது அவருக்கு வயது 71. அந்நாள்வரை சபையின் தலைமைப் பொறுப்பு அவரிடமே இருந்தது. அன்னை தெரேசா தம் சபையின் தலைமைப் பொறுப்பை விட்டது 1997இல், 86ஆம் வயதில்.

குருக்களாகிய நமக்கும் இதே நிலைதான். 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்குக் குரு ஒருவர் 75 வயதை எய்தும்போது தம் பணி விலகலை ஆயரிடம் அளிக்குமாறு வேண்டுகிறது. ஆகவே, அறுபது வயதாயிற்று, போதும், வீட்டிலிரு என்று ஒரு செவிலியரிடம் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. ஆனால், நாங்கள் உழைக்கவில்லையா, நீங்களும் உழையுங்கள் என்று கட்டளையிடும் தகுதியும் நமக்கு இல்லை. நள்ளிரவில் கனத்த நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும், எட்டு மணிநேரம் நின்றபடியே நடப்பதும், தொற்றுநோயாளியின் மூச்சுக்கு ஒரு முழத் தொலைவில் நிற்பதும் நம் பணியில் அன்றாடம் வருவதில்லை. முதுகும் முழங்காலும் தேய்ந்த பின்னரே செவிலியருக்கு அறுபது வயது ஆகிறது.

வயதை வகுத்தவர் யார்?

ஓய்வு வயது என்பது இறைவன் வகுத்த எல்லை அன்று. அரசுகள் காலத்துக்கேற்ப வைத்த கோடு. நடுவண் அரசு ஊழியர் 1962வரை 55இல் ஓய்வு பெற்றனர்; அவ்வாண்டில் அது 58 ஆயிற்று; 1998இல் 60 ஆயிற்று. தமிழக அரசு 58 என்றிருந்ததை 2020இல் 59 ஆக்கி, 2021இல் 60 ஆக்கிற்று. ஒரே கடற்கரையில், அடுத்தடுத்த ஊர்களில், ஒரே தொழிலைச் செய்த இருவருள் புதுவைச் செவிலியர் ஒருவருக்கு 58இல் வலிமை இருந்ததாகவும், கடலூர்ச் செவிலியர் ஒருவருக்கு அது இல்லாததாகவும் சட்டம் நெடுங்காலம் கருதி வந்தது!

மருத்துவர்களைப் பாருங்கள். நடுவண் அரசின் சுகாதாரப் பணியிலுள்ள மருத்துவர்களின் ஓய்வு வயது 2016இல் 65 ஆக உயர்த்தப்பட்டது. மருத்துவர் பற்றாக்குறையே அதற்குக் காரணம். மறு ஆண்டே அரசு இன்னொரு தெளிவையும் செய்தது: 62 வயதுக்குப் பின் அவர்கள் நிருவாகப் பதவிகளில் இருத்தல் ஆகாது, நோயாளிகளைப் பார்ப்பது, கற்பிப்பது போன்ற பணிகளில் இருக்கலாம். மூத்தவரின் அறிவும் பயன்பட வேண்டும், இளையவரின் உயர்வும் தடைப்படலாகாது என்னும் இரு கவலைகளுக்கும் விடை காணும் முயற்சி இது. மருத்துவருக்குச் செய்த இந்த எண்ணத்தைச் செவிலியர் பொருட்டு எவரும் அவ்வளவு அக்கறையோடு செய்யவில்லை.

பற்றாக்குறை செவிலியரிடத்தில் இல்லையா? உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 2 கோடியே 79 இலட்சம் செவிலியர் இருந்தனர்; தேவைக்கு 59 இலட்சம் குறைவு. ஆறில் ஒருவர் பத்தாண்டுகளுக்குள் ஓய்வு பெறுவர் என்றும், அவர்களின் இடத்தை நிரப்ப மட்டுமே 47 இலட்சம் புதியவர்களைப் பயிற்ற வேண்டும் என்றும் அது கூறிற்று. 2025இல் வந்த அடுத்த அறிக்கையிலும் பற்றாக்குறை 58 இலட்சமாகவே நின்றது. நம் நாட்டில் பயிற்சி பெறும் இளம் செவிலியரோ வளைகுடா நாடுகளுக்கும், இங்கிலாந்துக்கும், அயர்லாந்துக்கும், ஜெர்மனிக்கும் செல்கின்றனர். செல்வதில் தவறில்லை. ஆனால் வார்டில் அவர்கள் விட்டுச் செல்லும் வெற்றிடம் உண்மையானது.

லேவியரின் ஐம்பது

திருவிவிலியம் முழுவதிலும் பணி ஓய்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் பகுதி அரிது. எண்ணிக்கை நூலின் எட்டாம் அதிகாரத்தின் இறுதியில் அத்தகைய ஒன்று உள்ளது. விரைந்து படித்துச் செல்வோர் அதனைக் கவனிப்பதில்லை. சந்திப்புக் கூடாரத்தில் ஊழியம் புரியும் லேவியர் 25 வயதில் பணி ஏற்க வேண்டும்; 50 வயதில் அப்பணியினின்று விலக வேண்டும். கூடாரத்தின் சட்டங்களையும் திரைகளையும் தூண்களையும் கழற்றுவதும், பாலைநிலத்தில் இடம்விட்டு இடம் எடுத்துச் செல்வதும் லேவியர் குலத்தின் வேலை. தோள் தாங்க வேண்டிய வேலை. ஆகவே ஐம்பது என்ற எல்லை.

ஆனால் அவ்வதிகாரம் அத்துடன் முடியவில்லை. விலகிய லேவியர் கூடாரத்தில் தம் சகோதரருக்குத் துணைநிற்கலாம் என்றும், பழைய வேலையை மட்டும் அவர் செய்யலாகாது என்றும் அது கூறுகிறது. கவனியுங்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. பழைய சுமையையே அவர் தோளில் மீண்டும் ஏற்றவும் இல்லை. இடம் அதுவே, சுமை வேறு. முதியவரின் உழைப்பைப் பற்றி மூவாயிரம் ஆண்டுகளாக மாந்தர் கண்ட அறிவு எல்லாம் இச்சிறு பகுதியில் அடங்கியிருக்கிறது என்றால் மிகையன்று.

இதனை அளவுகோலாகக் கொண்டு நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றை அளந்து பார்ப்போம்.

2020 கற்பித்த பாடம்

கொரோனாத் தொற்று பரவத் தொடங்கிய 2020 மார்ச்சு மாத இறுதியில், அம்மாதம் 31ஆம் நாள் ஓய்வு பெறவிருந்த மருத்துவர், செவிலியர், மருத்துவத் தொழில்நுட்பப் பணியாளர் ஆகியோர்க்குத் தமிழக அரசு இரண்டு மாதப் பணி நீட்டிப்பை ஒப்பந்த முறையில் வழங்கிற்று. அதே வாரத்தில் இங்கிலாந்தில், அண்மையில் பணியை விட்டிருந்த செவிலியர் மீண்டும் வரும்பொருட்டு, செவிலியர் மன்றம் தற்காலிகப் பதிவேடு ஒன்றைத் திறந்தது. ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்தனர். முதியோருக்கே அந்நோய் பெருங்கேடு செய்யும் என்று உலகெங்கும் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. அவர்கள் அதனை அறியாதவர்கள் அல்லர். அறிந்தே வந்தனர்.

தமிழகத்தில் அவ்வாறு நீட்டிப்பில் பணிபுரிந்த தலைமைச் செவிலியர் ஒருவர் மே மாத இறுதியில் சென்னையில் உயிர் துறந்தார். மார்ச்சு மாத இறுதியிலேயே மாலை சூடி வீடு சென்றிருக்க வேண்டியவர். அவர் இறந்தது கொரோனாவினாலா, முன்னரே இருந்த நோயினாலா என்ற வாதம் உடனே எழுந்தது. அவ்வாதத்துள் நாம் புக வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். முதிய வயதும் பழைய நோயும் உள்ள ஒருவரைப் பணியில் நீடிக்கச் செய்யும்போது, எந்த வார்டில், எத்தனை மணிநேரம், எத்தகைய பாதுகாப்போடு என்று சிந்திப்பது, நீடிக்கச் சொன்னவரின் கடமை அன்றோ? நீட்டிப்பு ஆணையில் நாள் மட்டும் நீண்டது. சுமை குறையவில்லை. லேவியருக்கு ஆண்டவர் காட்டிய பரிவை நாம் நம் செவிலியருக்குக் காட்டத் தவறினோம்.

முதிய செவிலியரின் விருப்பம் பெரும் கொடை. எனினும் கொடுப்பவர் மனமுவந்து கொடுத்தால்தான் அது கொடை. கேட்டறியாமல் எடுத்துக்கொண்டால் அது வேறு பெயர் பெறும்.

விருப்பத்தின் பல முகங்கள்

பங்கு இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் மாலைகளில், இன்னும் வேலை செய்ய விரும்புகிறேன் என்று ஓய்வு பெற்ற செவிலியர் சொல்வதை நாம் பலமுறை கேட்கிறோம். ஒரே வாக்கியம், ஆனால் அதன் பின்னால் நிற்பவை வேறு வேறு.

ஒருவருக்கு அது அன்பு. பிரசவ வார்டில் பிள்ளையின் முதல் அழுகுரலைக் கேட்டுப் பழகிய செவிக்கு வீட்டின் அமைதி பொறுக்கவில்லை. இன்னொருவருக்கு அது தனிமை. கணவர் மறைந்தார், பிள்ளைகள் பாரிஸிலும் பெங்களூரிலும் இருக்கின்றனர். மற்றொருவருக்கு அது தேவை. தனியார் மருத்துவமனையில் காலமெல்லாம் உழைத்தவருக்கு ஓய்வூதியம் என்று சொல்லிக்கொள்ளத் தக்கது ஒன்றும் இல்லை. மகளின் திருமணக் கடன் தீரவில்லை. அரசுப் பணியிலும், 2004 ஜனவரிக்குப் பின் நடுவண் அரசுப் பணியில் சேர்ந்தோர் புதிய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வருகின்றனர். பழைய முறையில் அவர்களின் மூத்தோர் பெற்ற உறுதி அவர்களுக்கு அதே வடிவில் கிட்டவில்லை. பிரெஞ்சு அரசின் ஓய்வூதியத்தால் முதுமையில் தலைநிமிர்ந்து வாழும் குடும்பங்களை நம் நகரில் நாம் இன்றும் காண்கிறோம். மாதந்தோறும் தவறாது வரும் ஒரு தொகை முதியவரின் குரலுக்கு எவ்வளவு வலிமை தருகிறது என்பதைப் புதுவையாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அன்பினால் உழைக்க விரும்புவதும், பசியினால் உழைக்க விரும்புவதும் ஒன்றல்ல. முன்னதைப் போற்றிவிட்டுப் பின்னதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016இல் பிறப்பித்த ஆணையின்படி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆண்டுகள் பல கடந்த பின்னும் அவ்வளவு பெறாத செவிலியர் நாடெங்கும் உள்ளனர். இந்நிலையில், ஓய்வு பெற்றவர்தாமே, பொழுதுபோக்குக்கு வருகிறார், கொடுப்பதை வாங்கிக்கொள்வார் என்று கணக்கிடும் முதலாளி, அவருடைய முதுமையையும் அவருக்கு அடுத்த நாற்காலியில் இருக்கும் இளையவரின் ஊதியத்தையும் ஒருங்கே களவாடுகிறார். 1981இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி விடுத்த சுற்றுமடல், நேரிய ஊதியத்தையும், ஓய்வையும், முதுமைக் கால ஓய்வூதியத்தையும் தொழிலாளியின் உரிமைகளாகவே எண்ணுகிறது, கருணையாக அன்று. கத்தோலிக்க நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. சேவை என்னும் சொல்லைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் உரிமையைத் திருச்சபை எவருக்கும் வழங்கவில்லை.

இளையோரின் முறையீடு

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. மூத்தவர்கள் விலகாவிட்டால் இளையவர்களுக்கு இடம் ஏது என்பது அது. பட்டம் பெற்று, பதிவு பெற்று, அரசு வேலைக்காகக் காத்திருக்கும் பெண் பிள்ளைகள் நம் பங்கிலும் உளர். தமிழகத்தில் 2015இல் தேர்வெழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர் மாதம் 7,700 ரூபாய்க்குப் பணியைத் தொடங்கினர். பணி நிரந்தரம் வேண்டி 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் கூடிப் போராடியதை நாடறியும். கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டோர் பலரின் பணி 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிக்கப்பட்டபோதும் கண்ணீரும் முறையீடும் எழுந்தன. இளையவரை வாயிலில் நிறுத்திவிட்டு முதியவரைப் பழைய நாற்காலியிலேயே இருத்தி வைப்பது, ஒரு நீதியைக் காட்டி இன்னொரு நீதியை மறுப்பதாகும்.

ஆகவே நாம் வேண்டுவது பதவி நீட்டிப்பு அன்று. காலியாகும் இடம் இளையவருக்கே உரியது. அவ்விடத்தில் புதிதாக வந்து நிற்கும் இளையவரின் அருகே ஒரு மூத்தவர் நிற்கலாகாதா என்பதே நம் வினா.

இரவுப் பணியில் முதன்முறை தனித்து நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். புத்தகத்தில் உள்ளதெல்லாம் அவள் அறிவாள். ஆயினும், உடம்புச் சூடும் நாடித்துடிப்பும் தாளில் சரியாகவே எழுதப்பட்டிருக்க, படுக்கையில் இருப்பவர் முகத்தில் ஏதோ சரியில்லை என்று கண்டுகொள்ளும் பார்வை ஆண்டுகளால் மட்டுமே வருவது. சுருங்கிப்போன முதியவரின் கையில் இரத்த நாளத்தை விரல் நுனியால் தேடிக் கண்டுபிடிப்பது, படுக்கைப் புண் தோன்றுமுன்பே தோலின் நிறத்தில் அதனை அறிவது, இறந்தவரின் மனைவியிடம் எச்சொல்லை முதலில் சொல்வது என்பன எல்லாம் அத்தகையவை. ஓய்வு நாளன்று மாலையோடும் நினைவுப் பரிசோடும் இவ்வறிவும் வாயிலைக் கடந்து போய்விடுகிறது. மறுநாள் முதல் அந்த இளம்பெண் அதனைத் தன் தவறுகளால் கற்க வேண்டும். அத்தவறுகளின் விலையைச் செலுத்துபவர் நோயாளி.

சுமையை மாற்றுவது எப்படி?

வழிகள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில், நம் தமிழ்ச் சகோதரர் பலர் வாழும் அந்நாட்டில், ஓய்வு வயதை எய்திய தகுதியுள்ள தொழிலாளிக்கு மறுபணி அளிக்க முன்வருவது முதலாளியின் கடமை என்று 2012 முதல் சட்டம் உண்டு. இங்கிலாந்தின் அரசு மருத்துவப் பணியில், 2023 அக்டோபரிலிருந்து, மூத்த செவிலியர் தம் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டே, பணியைக் குறைத்துக்கொண்டு தொடர வழி செய்யப்பட்டுள்ளது. முழு வேலை, இல்லையேல் முழு ஓய்வு என்ற இரண்டுக்கும் இடையே ஒரு படிக்கட்டு அமைத்துள்ளனர்.

நம் பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் தம் 58ஆம் வயதில் ஓய்வு பெற்றார். இளமையிலேயே முடக்குவாதத்தால் அவருடைய கைவிரல்கள் கோணியிருந்தன. ஓய்வு பெற்ற அவ்வாண்டே 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய மருத்துவமனைதான் அரவிந்த் கண் மருத்துவமனை. 2003இல் அது நம் புதுவையை அடுத்த தவளக்குப்பத்துக்கும் வந்தது. நம் பங்குகளில் கண்ணில் புரை நீங்கிப் பார்வை பெற்றோர் எத்தனை பேர்! ஓய்வுக்குப் பின் ஒரு வாழ்க்கை உண்டு என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? ஆனால் அவர் மருத்துவர். தாமே ஒன்றைத் தொடங்க அவரால் இயன்றது. செவிலியர் ஒருவர் எவ்வளவு திறமுடையவராயினும், பிறர் அழைத்தால்தான் அவர் திறம் பயன்படும். அவரை அழைப்பவர் யார்?

கற்பித்தல், தடுப்பூசிப் பணி, புறநோயாளிப் பிரிவு, கருவுற்ற தாய்மாருக்கு ஆலோசனை, நீரிழிவு நோயாளிக்கு உணவுமுறையும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் முறையும் சொல்லித் தருதல், தீராநோயாளியின் இல்லம் சென்று பார்த்தல்: இவையெல்லாம் பகற்பொழுதின் பணிகள், தோள்வலிமையைக் காட்டிலும் அறிவும் பொறுமையும் வேண்டும் பணிகள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணிநேரம் என்று வகுத்தால், வருவதற்கு மனமுள்ளோர் பலர் முன்வருவர். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிக்கும் இயக்கம், அண்டை அயலாரைத் தொண்டர்களாக்கிப் படுத்த நோயாளிகளின் இல்லங்களைச் சென்றடைந்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் இல்லந்தோறும் சென்று மருந்து தருகிறது. மருத்துவம் வீட்டை நோக்கி வந்துகொண்டிருக்கும் காலம் இது. வீட்டு வாயிலில் நின்று பேசத் தெரிந்த மூத்த செவிலியருக்கு இதனினும் தக்க காலம் வாய்க்காது.

நம் இல்லங்களில்

அரசும் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியவற்றைச் சொன்னோம். இனி நாம் செய்ய வேண்டியதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

ஓய்வு பெற்ற செவிலியர் வீட்டில் இருக்கிறார் என்றவுடன் தெருவே அவரைக் கூலியில்லாப் பணியாளராக எண்ணிவிடுகிறது. எதிர்வீட்டு முதியவருக்கு ஊசி. மூலைவீட்டுக் குழந்தையின் புண்ணுக்குக் கட்டு. இரவு பதினொரு மணிக்கு இரத்த அழுத்தம் பார்க்கக் கதவு தட்டல். வீட்டுக்குள்ளும் அவ்வாறே. மருமகளுக்கு வேலை, ஆகவே பேரப்பிள்ளைகள் அவர் பொறுப்பு. மைத்துனருக்குப் பக்கவாதம், படித்தவர்தாமே, அவரே பார்த்துக்கொள்வார். மருத்துவமனையில் எட்டு மணிநேரத்துக்குப் பின் பணி மாற்ற ஆள் வருவார். வீட்டில் அதுவும் இல்லை. அவர் மறுப்பதில்லை, மறுத்துப் பழக்கமில்லை. அவர் மறுக்காததை விருப்பம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகளே, இன்றிரவு உணவின்போது உங்கள் தாயிடம் ஒரு முறை கேளுங்கள்: அம்மா, உங்களுக்கு இப்போது என்ன செய்ய விருப்பம்? பதில் உங்களுக்கு வியப்பளிக்கலாம். வேலைக்குப் போக வேண்டும் என்பார் ஒருவர். வேளாங்கண்ணிக்குப் போய் நான்கு நாள் சும்மா இருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். எதைச் சொன்னாலும் தடை சொல்லாதீர்கள்.

பிரெஞ்சு மொழி அறிந்த நம் மூத்தோர்க்கு ஒன்று நினைவிருக்கும். அம்மொழியில் பணி ஓய்வுக்கும், ஆண்டுதோறும் நாம் செய்யும் ஞான ஒடுக்கத்துக்கும் ரெத்ரேத் என்ற ஒரே சொல். ஞான ஒடுக்கத்துக்குள் எவரையும் கையைப் பிடித்து இழுத்துச் செல்ல இயலாது. அதிலிருந்து பாதியில் எழுப்பி வேலைக்கு அனுப்புவதும் தகாது. தாமாக உட்புகுந்து, தம் நேரத்தில் வெளிவருவதே அதன் இயல்பு. பணி ஓய்வையும் அவ்வாறே மதிக்கக் கற்றுக்கொள்வோமாக.

பங்கு அளவில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பங்குப் பேரவையும் அன்பியங்களும் சேர்ந்து, நம் பங்கிலுள்ள ஓய்வு பெற்ற செவிலியரைச் சந்தித்து, அவர்களின் விருப்பத்தைக் கேட்டறியலாம். விரும்புவோர் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் சிறு முகாம் நடத்தலாம். படுத்த நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது, இசைவுள்ள செவிலியர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். அவருக்குப் போக்குவரத்துச் செலவையும் உரிய மதிப்பூதியத்தையும் பங்கின் கணக்கிலிருந்து கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று அவர் கூறினால், அது அவர் உண்டியலில் போடும் காணிக்கை. நாமே முன்கூட்டி அதனை இலவசம் என்று முடிவு செய்தல் ஆகாது. செவிலியர்க்கும் ஒரு வேண்டுகோள்: மன்றத்தில் உங்கள் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள், மருத்துவரின் சீட்டின்றி எவருக்கும் ஊசி போடாதீர்கள். உங்கள் நற்பெயர் நாற்பதாண்டு உழைப்பில் ஈட்டியது. அயலார் வற்புறுத்தலுக்காக அதனை இழக்க வேண்டாம்.

இருவரும் ஆலயத்தில்

ஆண்டவர் இயேசுவைக் குழந்தையாக ஆலயத்தில் காணிக்கையாக்கிய நாளில் முதியோர் இருவர் அங்கிருந்ததாக லூக்கா நற்செய்தியாளர் கூறுகிறார். சிமியோன் குழந்தையைக் கைகளில் ஏந்தியதும், தம் பணி நிறைவுற்றது எனக் கண்டு, அமைதியோடு விடைபெற இறைவனிடம் வேண்டினார். அன்னாவோ கைம்பெண், அவருக்கு வயது 84. அவர் ஆலயத்தைவிட்டு நீங்காமல் அல்லும் பகலும் அங்கேயே திருப்பணி செய்துகொண்டிருந்தார். அன்றும், மீட்புக்காகக் காத்திருந்தோரிடம் அக்குழந்தையைப் பற்றிப் பேசினார். ஒருவர் விடைகேட்டார். ஒருவர் விடைகேட்கவில்லை. நற்செய்தியாளர் இருவரையும் ஒரே பக்கத்தில் எழுதி, இருவரையும் போற்றுகிறார். ஏன் போகிறீர் என்று சிமியோனை எவரும் தடுக்கவில்லை. இன்னும் ஏன் இருக்கிறீர் என்று அன்னாவையும் எவரும் வினவவில்லை.

நம் இல்லங்களிலும் சிமியோன்களும் அன்னாக்களும் உளர். அவர்களுள் யார் யார் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. கேட்டறிந்தால் போதும். போக விரும்புவோரை நன்றியோடு வழியனுப்புவோம். இருக்க விரும்புவோருக்குத் தாங்கக்கூடிய சுமையையும் தகுந்த கூலியையும் கொடுத்து இடம் தருவோம். நோயுற்றோருக்கு ஆரோக்கியமாகிய அன்னை மரியா, நம்மைப் பேணிய கைகளை நாமும் பேணும் வரத்தைப் பெற்றுத் தருவாராக.